நடுவே நிற்கும் மொழி: தில்லியில் மொழிபெயர்ப்பின் வழியே மொழி கற்ற வரலாறு

தில்லியின் சனவரிக் குளிரில் ஜெர்மன் வகுப்பில் சேரும் தமிழ் மாணவர் முதலில் சொல்லிப் பார்க்க விரும்பும் வாக்கியங்களுள் ஒன்று ‘எனக்குக் குளிர்கிறது’ என்பதாக இருக்கக்கூடும். ஜெர்மன் மொழியில் அது ‘மிர் இஸ்ட் கால்ட்’. ‘மிர்’ என்பது ‘எனக்கு’; நான்காம் வேற்றுமை. தமிழில் உள்ள அமைப்பு ஏறத்தாழ அப்படியே அங்கும் இருக்கிறது. ஆனால் பெரும்பாலான மாணவர் முதலில் எழுதுவது ‘இஹ் பின் கால்ட்’ என்பது. ‘நான் குளிர்ச்சியானவன்’ என்றோ, ‘இரக்கமற்றவன்’ என்றோ பொருள்படும் அவ்வாக்கியத்தை ஜெர்மன் ஆசிரியர்கள் ஆண்டுதோறும் திருத்திக்கொண்டிருக்கிறார்கள். இந்தப் பிழை தமிழிலிருந்து வந்ததன்று. ‘எனக்கு’ என்று தொடங்கிய மாணவர் அதை மனத்துக்குள் ஆங்கிலத்தின் ‘ஐ ஆம் கோல்ட்’ ஆக்கி, பிறகு ஜெர்மன் ஆக்குகிறார். இரண்டு மொழிகளும் ஒத்துப்போகும் இடத்தில், நடுவில் வந்து நின்ற மூன்றாவது மொழி அந்த ஒப்புமையை அழித்துவிடுகிறது.

இணைய மொழிபெயர்ப்புக் கருவிகளைப் பயன்படுத்தி அயல்மொழி கற்கலாமா என்ற விவாதம் பெரும்பாலும் சோம்பல், நகலெடுத்தல், தேர்வு நேர்மை ஆகியவற்றைச் சுற்றியே நடக்கிறது. அவை புறக்கணிக்கத்தக்க கவலைகள் அல்ல. ஆயினும் வரலாற்றின் பார்வையில் அதைவிட அடிப்படையான கேள்வி ஒன்று உண்டு: கற்பவருக்கும் கற்கப்படும் மொழிக்கும் நடுவில் எது நிற்கிறது, அது நிற்பது கற்பவரின் கண்ணுக்குத் தெரிகிறதா? தில்லி இக்கேள்வியைப் பல நூற்றாண்டுகளாக வெவ்வேறு உருவங்களில் சந்தித்து வந்திருக்கிறது.

வடஇந்திய மக்தபுகளில், அதாவது தொடக்கப் பள்ளிகளில், பாரசீகம் கற்ற சிறுவர்களின் கையில் முதலில் தரப்பட்ட நூல்களுள் ஒன்று ‘காலிக் பாரி’. நூலின் முதலிரு சொற்களே அதன் பெயராயின. அரபு அல்லது பாரசீகச் சொல் ஒன்று, அதையடுத்து அதே பொருளுள்ள இந்தவிச் சொல் ஒன்று என்று சந்தத்துக்குள் கோத்து அமைக்கப்பட்ட செய்யுள் அகராதி அது. மரபு அதனைத் தில்லிக் கவிஞர் அமீர் குஸ்ரோவின் (1253–1325) படைப்பாகவே போற்றி வந்தது. 20ஆம் நூற்றாண்டில் ஹாஃபிஸ் மஹ்மூத் ஷீரானி, அது அவருடையதாக இருக்க முடியாது, மிகப் பிந்திய காலத்து நூல் என்று வாதிட்டார். ஆசிரியர் யாராயினும் நூலின் பயன்பாடு ஐயத்துக்கு இடமற்றது. 19ஆம் நூற்றாண்டிலும் அது பிள்ளைகளின் வாயில் இருந்தது.

இவ்வகை நூல்களுக்கு ‘நிஸாப்’ என்று பெயர். 13ஆம் நூற்றாண்டில் அபூ நஸ்ர் ஃபராஹி இயற்றிய அரபு–பாரசீகச் செய்யுள் அகராதி இதன் புகழ்பெற்ற முன்னோடி. அதாவது, பாரசீகத்தைத் தாய்மொழியாகக் கொண்ட பிள்ளை அரபு கற்ற அதே முறையில், இந்தவி பேசும் பிள்ளை பாரசீகம் கற்றது. இவ்வரிசையில் காலிப்பும் இருக்கிறார். தம் வீட்டில் வளர்ந்த, ஆரிஃபின் மக்களுக்காக அவர் எழுதியதாக அறியப்படும் ‘காதிர் நாமா’ இவ்வகையைச் சேர்ந்ததே. 1842இல் தில்லிக் கல்லூரியின் பாரசீகப் பேராசிரியர் பதவிக்காக அழைக்கப்பட்டுச் சென்ற காலிப், தம்மை வாயிலில் வந்து வரவேற்க ஆங்கிலேய அதிகாரி வராததால் பல்லக்கைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார் என்ற கதை எல்லோரும் அறிந்தது. பேராசிரியராக மறுத்தவர் பேரப்பிள்ளைகளுக்குச் சொற்பட்டியல் எழுதினார் என்பது அந்தளவுக்குச் சொல்லப்படுவதில்லை.

திண்ணைப் பள்ளியில் சூடாமணி நிகண்டை மனப்பாடம் செய்த தமிழ்ப் பிள்ளைக்கு இந்தக் காட்சி அந்நியமாக இராது. நிகண்டு ஒருமொழி நூல், நிஸாப் இருமொழி நூல் என்பதே வேறுபாடு. செய்யுள், சந்தம், மனப்பாடம், பொருள் பின்னால் விளங்கிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை எல்லாம் பொது. நிஸாபின் குறைகளும் வெளிப்படையானவை: அது சொல்லைத் தருகிறது, வாக்கியத்தைத் தருவதில்லை, சந்தத்துக்காகப் பொருளை வளைக்கிறது. ஆனால் ஒரு நன்மை உண்டு. இரண்டு மொழிகளும் ஒரே அடியில் அருகருகே நிற்கின்றன. எது எதற்கு ஈடு என்பது பிள்ளையின் செவிக்கு எட்டுகிறது. மொழிபெயர்ப்பு ஒட்டுப்போட்ட இடம் மறைக்கப்படவில்லை.

நடுமொழியின் கதைக்கும் தில்லியிலேயே பெரியதோர் எடுத்துக்காட்டு உண்டு. 1657இல், யமுனைக் கரையில் நிகம்போத் அருகேயிருந்த தம் மாளிகையில், தாரா ஷிகோ காசிப் பண்டிதர்களின் துணையோடு 50 உபநிடதங்களைப் பாரசீகத்தில் பெயர்த்து முடித்தார். நூலின் பெயர் ‘சிர்ரே அக்பர்’, பெரும் மறைபொருள். இரண்டே ஆண்டுகளில் தம்பி ஔரங்கசீபின் ஆணையால் அவர் கொல்லப்பட்டார். நூல் பிழைத்தது. அதன் படி ஒன்று 1775இல் பிரெஞ்சு அறிஞர் ஆங்கெத்தில் துப்பெரோனின் கைக்குச் சென்றது. அவர் அதனை இலத்தீனில் பெயர்த்து 1801–1802இல் ஸ்ட்ராஸ்பூர்கில் வெளியிட்டார். ஷோப்பன்ஹவர் 1814இல் வாசித்து வாழ்நாள் முழுதும் கொண்டாடியது இந்த இலத்தீன் நூலையே. சமஸ்கிருதத்திலிருந்து பாரசீகம், பாரசீகத்திலிருந்து இலத்தீன், இலத்தீனிலிருந்து ஒரு ஜெர்மானியரின் மெய்யியல். வழியில் இழந்தவை ஏராளம். ஆனால் துப்பெரோன் தாம் எந்த மொழியிலிருந்து பெயர்க்கிறார் என்பதை ஒளிக்கவில்லை. நூலின் தலைப்பே ‘ஊப்னெகத்’ என்று பாரசீக வாய்வழித் திரிந்த உச்சரிப்பைத் தாங்கி நின்றது. வாசகருக்கு நடுமொழி தெரிந்தது.

தில்லிக் கல்லூரியின் சோதனை வேறு வகையானது. 1825இல், அஜ்மீரி வாயிலருகே இருந்த காஜியுத்தீன் மதரசாவின் கட்டடத்தில் தொடங்கிய இக்கல்லூரியின் கீழைப் பிரிவில், கணிதமும் இயற்பியலும் உருது வழியே கற்பிக்கப்பட்டன. அதற்குப் பாடநூல் வேண்டும். 1840களில் முதல்வர் ஃபெலிக்ஸ் பூத்ரோவும், அவருக்குப் பின் வந்த அலாய்ஸ் ஷ்ப்ரெங்கரும் ஊக்குவித்த மொழிபெயர்ப்புச் சங்கம் ஆங்கிலத்திலிருந்து ஏராளமான நூல்களை உருதுவில் கொண்டுவந்தது. கலைச்சொல்லாக்கத்துக்கு அவர்கள் வகுத்த விதிகளுள் ஒன்று, உருதுவில் ஈடில்லாத சோடியம், பொட்டாசியம், குளோரின் போன்ற சொற்களை அப்படியே ஏற்றுக்கொள்ளலாம் என்பது. தமிழில் கலைச்சொல் பற்றி நூறாண்டுகளாக நடக்கும் சண்டையை அறிந்தவர்கள் இதைப் படிக்கையில் புன்னகைக்கலாம். இவ்வரலாற்றை மௌல்வி அப்துல் ஹக் 1933இல் ‘மர்ஹூம் தில்லிக் கல்லூரி’ என்ற நூலில் எழுதினார். ‘மர்ஹூம்’ என்றால் காலஞ்சென்ற. 1857 கலகத்தில் முதல்வர் ஃபிரான்சிஸ் டெய்லர் கொல்லப்பட்டார், நூலகம் சூறையாடப்பட்டது, மீண்டும் திறந்த கல்லூரி 1877இல் மூடப்பட்டது.

அக்கல்லூரியின் மாணவர் நசீர் அகமது. மகன் ஆங்கிலம் கற்பதைவிட இறப்பதே மேல் என்று எண்ணிய தந்தையால் அவர் கல்லூரியில் ஆங்கிலப் பிரிவை நெருங்கவில்லை. பிற்காலத்தில் அலகாபாத்தில் பணியாற்றும்போது ஆங்கிலத்தைத் தம் முயற்சியால் கற்று, இந்திய தண்டனைச் சட்டத்தை உருதுவில் ஆக்கிய பணியில் முதன்மைப் பங்கு வகித்தார். உருதுவின் முதல் நாவலாசிரியர் என்று போற்றப்படுபவரும் அவரே. ஆங்கிலச் சட்ட வாக்கியத்தின் கிளைக்குள் கிளையாக விரியும் நிபந்தனைகளை உருதுவின் வினைமுடிவுக்குள் அடக்கும் வேலை, மொழி கற்றவர் செய்த வேலை மட்டுமன்று, அவரை மொழி கற்கச் செய்த வேலையும்தான். மொழிபெயர்ப்பதும் மொழி கற்பதும் வெவ்வேறு செயல்கள் என்ற எண்ணம் இவர்களிடம் இருந்ததாகத் தெரியவில்லை.

அந்த எண்ணம் பிறகுதான் வந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ‘நேர்முறை’ எழுந்தது. கற்பவரின் தாய்மொழி வகுப்பறைக்கு வெளியே நிறுத்தப்பட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஒலிநாடா ஆய்வுக்கூடங்கள் இதை அறிவியல் ஆக்கின. மொழிபெயர்ப்பு என்றால் பழமை, வகுப்பில் தாய்மொழி என்றால் குற்றம் என்ற மனநிலை ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு நீடித்தது. 2010இல் கை குக் மொழிபெயர்ப்பை வகுப்பறைக்குள் மீட்க வேண்டும் என்று ஒரு நூலே எழுத வேண்டியிருந்தது. இதற்கிடையில் நேர்முறையைக் கேள்விப்படாத தமிழர், ‘முப்பது நாட்களில் இந்தி’ வகை நூல்களோடு தில்லிக்கு இரயில் ஏறிக்கொண்டிருந்தனர். ஒருபுறம் தமிழ் வாக்கியம், மறுபுறம் இந்தி வாக்கியம், தமிழ் எழுத்தில் அதன் உச்சரிப்பு. நிஸாபின் நேர் வாரிசு இந்நூல்கள். 1960இல் தில்லியில் தோன்றிய மத்திய இந்தி இயக்ககம் அஞ்சல்வழிப் பாடங்களைத் தமிழ் வழியாகவும் நடத்தியது. இவற்றில் ஆங்கிலம் நடுவில் வர வேண்டிய தேவையே இருக்கவில்லை.

இலக்கியத்தில் நிலைமை வேறு. க.நா.சுப்ரமண்யம் 1960களின் நடுப்பகுதியிலிருந்து நெடுங்காலம் தில்லியில் வாழ்ந்தவர். 1988இல் இறந்ததும் அங்கேதான். அவர் தமிழுக்குத் தந்த நார்வே நாட்டுக் க்னுட் ஹாம்சுனின் ‘நிலவளம்’, சுவீடன் நாட்டுப் பேர் லாகர்க்விஸ்டின் ‘அன்பு வழி’ ஆகியவை ஆங்கிலத்தின் வழியே வந்தவை. அந்நூல்கள் தமிழ் உரைநடைக்குச் செய்த நன்மையை யாரும் மறுக்க மாட்டார்கள். 1954இல் தில்லியில் நிறுவப்பட்ட சாகித்திய அகாதெமியின் மொழிபெயர்ப்புகளிலும், இந்திய மொழி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் செல்லும்போது ஆங்கிலமோ இந்தியோ இணைப்பு மொழியாக நிற்பது வழக்கமாயிற்று. நேரடியாகப் பெயர்க்க ஆள் இல்லை என்பதே காரணம். இதே காரணம் பின்னர் கணினிக்கும் வந்தது, இன்னும் பெரிய அளவில்.

கணினி மொழிபெயர்ப்பின் பிறந்தநாளாகச் சொல்லப்படுவது 1954 சனவரி 7. நியூயார்க்கில் ஐபிஎம் நிறுவனமும் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகமும், 250 சொற்களையும் 6 இலக்கண விதிகளையும் கொண்டு, அறுபதுக்கும் மேற்பட்ட உருசிய வாக்கியங்களை ஆங்கிலத்தில் பெயர்த்துக் காட்டின. ஐந்து ஆண்டுகளில் சிக்கல் தீரும் என்று பேசப்பட்டது. தீரவில்லை. 1966இல் வெளிவந்த ஆல்பேக் அறிக்கை அமெரிக்க அரசின் நிதியைப் பெருமளவு நிறுத்தியது. அந்த அறிக்கையில் அதிகம் மேற்கோள் காட்டப்படாத பகுதி ஒன்று உண்டு. உருசியக் கட்டுரைகளை அடிக்கடி வாசிக்க வேண்டிய அறிவியலாளர், தம் துறைக் கட்டுரைகளைப் புரிந்துகொள்ளும் அளவுக்கு அம்மொழியை 200 மணி நேரத்திலோ அதற்குக் குறைவாகவோ கற்றுவிட முடியும் என்று அது சுட்டிக்காட்டியது. இயந்திரத்தைக் காட்டிலும் வகுப்பறை மலிவு என்பது அதன் கணக்கு. தற்செயலாக, அதற்கு முந்தைய ஆண்டு, 1965இல், தில்லியில் உருசிய ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டிருந்தது. 1969இல் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம் உருவானபின் அது அதனோடு இணைந்தது. சோவியத் உதவியுடன் எழுந்த ஆலைகளும் கல்வி நிறுவனங்களும் இயந்திரத்துக்குக் காத்திருக்க முடியாது. உருசியம் அறிந்த மனிதர் வேண்டியிருந்தனர்.

இந்தியாவில் கணினி மொழிபெயர்ப்பு அரசுத் திட்டமானது 1991இல். தில்லியில் மின்னணுத் துறை இந்திய மொழிகளுக்கான தொழில்நுட்ப வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கியது. அக்காலத்தில் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் இரு வேறு முயற்சிகள் நடந்தன. ஒன்று, ஆங்கிலத்திலிருந்து இந்திய மொழிகளுக்குப் பெயர்க்கும் ‘ஆங்கலபாரதி’. மற்றொன்று, இந்திய மொழிகளுக்கிடையேயான ‘அனுசாரகா’. இரண்டாவதே இங்கு நின்று பேசத்தக்கது. வினீத் சைதன்யா, ராஜீவ் சங்கல் ஆகியோரும் அவர்களது குழுவும் பாணினியின் காரகக் கொள்கையை அடிப்படையாகக் கொண்டு இதை வடிவமைத்தனர். அதன் கோட்பாட்டு நூல் 1995இல் புதுதில்லியில் வெளியானது. ஆசிரியர்களின் பெயர்வரிசையில் ‘அக்ஷர் பாரதி’ என்ற பெயர் முதலில் நிற்கும். அது தனிமனிதர் பெயரன்று, குழு தனக்கு இட்டுக்கொண்ட பொதுப்பெயர்.

அனுசாரகா தன்னை மொழிபெயர்ப்புக் கருவி என்று முழுமையாகச் சொல்லிக்கொள்ளவில்லை. மூலமொழியை வாசகர் அணுகுவதற்கான கருவி என்றே அதன் ஆசிரியர்கள் விளக்கினர். கன்னடம், தெலுங்கு, மராத்தி, வங்காளம், பஞ்சாபி ஆகியவற்றிலிருந்து இந்திக்கு அது வேலை செய்தது. அதன் விளைவு இயல்பான இந்தியாக இராது. சிறிது பயிற்சி பெற்ற வாசகருக்கே விளங்கும். மூலத்தில் இல்லாத தகவலை இயந்திரம் தானாக நிரப்பக் கூடாது, மூலத்தில் உள்ள தெளிவின்மையை அப்படியே வாசகரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது அதன் கொள்கை.

இதைத் தமிழ் கொண்டு விளக்குவது எளிது. ‘இராமன் உண்ட பழம்’, ‘இராமன் உண்ட தட்டு’, ‘இராமன் உண்ட வீடு’. மூன்றிலும் பெயரெச்சம் ஒன்றே. பழம் செயப்படுபொருள், தட்டு கருவி அல்லது இடம், வீடு இடம். பெயரெச்சம் செய்தவர், கருவி, இடம், தொழில், பொழுது, செயப்படுபொருள் என்று ஆறுவகைப் பெயரையும் கொள்ளும் என்று நன்னூல் வகுத்துவிட்டது. எந்த உறவு என்பதை உருபு சொல்லாது, கேட்பவரின் உலக அறிவு சொல்லும். திராவிட மொழிகள் அனைத்துக்கும் இது பொது. இந்தியிலோ ‘ஜோ’ என்று தொடங்கும் தொடரில், ‘ஜிஸ்மேன்’, ‘ஜிஸ்ஸே’, ‘ஜிஸே’ என உறவை வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். கருவிக்கு உலக அறிவு கிடையாது. சாதாரணக் கருவி ஊகித்து ஒன்றை எழுதிவிடும். அனுசாரகா ஊகிக்க மறுத்தது. ‘ஜோ’ என்ற சொல்லின் மேல் ஒரு நட்சத்திரக் குறியிட்டு, இந்த இடத்தில் தென்னிந்திய மொழியின் பெயரெச்சம் இருக்கிறது, உறவை நீங்களே கண்டுகொள்ளுங்கள் என்று வாசகரிடம் விட்டுவிட்டது. அந்த நட்சத்திரத்தோடு சில பக்கங்கள் பழகிய இந்தி வாசகர், தெலுங்கு இலக்கணத்தின் ஒரு பகுதியைத் தம்மை அறியாமலே கற்றிருப்பார்.

பயனர் விரும்பியது அதுவன்று. மக்களுக்கு வேண்டியது வழுவழுப்பான வாக்கியம். 1980களின் இறுதியில் ஐபிஎம் ஆய்வாளர் கனடா நாடாளுமன்றத்தின் ஆங்கில–பிரெஞ்சு நடவடிக்கைக் குறிப்புகளைக் கொண்டு புள்ளியியல் மொழிபெயர்ப்பைத் தொடங்கியபோதே திசை மாறிவிட்டது. இலக்கணம் வேண்டாம், இணை வாக்கியங்கள் போதும். 2006இல் வந்த கூகுள் மொழிபெயர்ப்பு இம்முறையை உலகெங்கும் கொண்டுசென்றது. 2008இல் இந்தி சேர்ந்தது. 2011 சூனில் தெலுங்கு, கன்னடம், வங்காளம், குஜராத்தி ஆகியவற்றோடு தமிழ் சேர்ந்தது.

இணை வாக்கியம் என்றாலே ஒருபுறம் ஆங்கிலம். தமிழ்–ஆங்கிலம் கிடைக்கும், ஜெர்மன்–ஆங்கிலம் ஏராளமாகக் கிடைக்கும், தமிழ்–ஜெர்மன் எங்கே கிடைக்கும்? ஆகவே கருவி தமிழை ஆங்கிலமாக்கி, ஆங்கிலத்தை ஜெர்மன் ஆக்கியது. க.நா.சு. செய்ததைத்தான் இயந்திரமும் செய்தது. வேறுபாடு, நூலில் ஆங்கில வழி என்பதை வாசகர் அறிவார். திரையில் இடப்புறம் தமிழ், வலப்புறம் ஜெர்மன், நடுவில் ஒன்றும் இல்லாததுபோல் தோன்றும்.

தெலுங்கின் ‘மனமு’, ‘மேமு’ என்ற வேறுபாடு தமிழின் ‘நாம்’, ‘நாங்கள்’ என்பதற்கு நேர் ஈடு. மராத்தியும் குஜராத்தியும்கூட இதைப் பேணுகின்றன. தெலுங்கிலிருந்து தமிழுக்கு ஆங்கில வழியாகச் செல்லும் வாக்கியத்தில் இரண்டும் ‘வி’ என்று ஒன்றாகி, மறுபக்கம் எதுவாக வெளிவரும் என்பது குலுக்கல். நீ, நீங்கள் என்ற வேறுபாடு இந்தியில் தூ, தும், ஆப் என்று மூன்றாக இருக்கிறது. ஜெர்மன், பிரெஞ்சு, உருசியம் ஆகியவற்றிலும் இருவகை உண்டு. ஆங்கிலத்தின் ‘யூ’ இவை அனைத்தையும் சமன்செய்துவிடும். மாமனாரை ‘தும்’ என்று அழைத்து மாட்டிக்கொள்ளும் மருமகனின் நகைச்சுவைக்கு இது காரணமாகலாம். வேலைக்கான நேர்காணலில் அது நகைச்சுவையாக இராது.

இதைவிட ஆழமானது தொடக்கத்தில் கண்ட நான்காம் வேற்றுமை. ‘எனக்குக் குளிர்கிறது’ என்பதற்கு இந்தியில் ‘முஜே டண்ட் லக் ரஹீ ஹை’. உருசியத்தில் ‘ம்னே ஹோலத்னா’. ஜெர்மனில் ‘மிர் இஸ்ட் கால்ட்’. நான்கிலும் குளிரை உணர்பவர் எழுவாயாக நிற்கவில்லை. நான்காம் வேற்றுமையில் நிற்கிறார். தமிழும் இந்தியும் இவ்வாறு ஒத்திருப்பதைத் தெற்காசிய மொழிப்பரப்பின் பொதுக்கூறாக மொழியியலாளர் ஆராய்ந்துள்ளனர். எமனோ 1956இல் எழுதிய ‘ஒரு மொழிப்பரப்பாக இந்தியா’ என்ற கட்டுரை இந்த ஆய்வுகளுக்கெல்லாம் வாசல். உருசியமும் ஜெர்மனும் ஒத்திருப்பது பரப்பினாலோ உறவினாலோ அன்று, வகைமை ஒப்புமையால். கற்பவருக்கு அந்த வேறுபாடு முக்கியமில்லை. தம்மிடம் ஏற்கெனவே இருக்கும் அமைப்பு அது என்பதே அவருக்குத் தெரிய வேண்டியது.

‘என்னிடம் புத்தகம் இருக்கிறது’ என்பதும் அப்படியே. உருசியத்தில் ‘ஊ மின்யா யேஸ்த் க்னீகா’, இந்தியில் ‘மேரே பாஸ் கிதாப் ஹை’. மூன்றிலும் ‘உடைமை’ என்ற தனிவினை கிடையாது; ஒருவரிடத்தில் ஒரு பொருள் இருக்கிறது, அவ்வளவே. ஆங்கில வழியே உருசியம் கற்கும் தமிழ் மாணவருக்கு இது விசித்திரமான விதியாக, மனப்பாடம் செய்ய வேண்டிய விலக்காகச் சொல்லித்தரப்படுகிறது. ஆங்கிலேயருக்குத்தான் அது விசித்திரம். (ஜெர்மன் இங்கே ‘இஹ் ஹாபெ’ என்று ஆங்கிலத்தின் பக்கம் நின்றுவிடுகிறது, எல்லா இடத்திலும் தமிழுக்கு வெற்றி கிடைக்கும் என்று எண்ண வேண்டாம்.)

2016இல் நரம்பிணைய முறை வந்தது. 2017இல் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கும் கூகுள் அதை விரித்தது. ஒரே வலைப்பின்னலில் பல மொழிகளைப் பயிற்றுவித்தால், இணை வாக்கியமே காணாத மொழி இணைகளுக்கிடையிலும் நேரடியாகப் பெயர்க்க முடியும் என்று 2016 இறுதியில் அந்நிறுவன ஆய்வாளர் ஜப்பானியம்–கொரியம் கொண்டு காட்டினர். தரம் வியப்பூட்டும் வகையில் உயர்ந்தது. இன்று ‘எனக்குக் குளிர்கிறது’ என்று இட்டால் ‘மிர் இஸ்ட் கால்ட்’ என்றே பெரும்பாலும் வரும். மொழிபெயர்ப்பு வேண்டியவருக்கு இது போதும். மொழி கற்பவருக்குக் கிடைப்பதோ விடை மட்டுமே. ‘மிர்’ என்பது ‘எனக்கு’ என்பதன் இடத்தில் நிற்கிறது என்பதைத் திரை எங்கும் சொல்வதில்லை. அவர் இலக்கண நூலைத் திறக்கிறார். அது ஆங்கிலத்தில் இருக்கிறது. மீண்டும் ‘ஐ ஆம் கோல்ட்’.

ஆங்கிலத்தை நடுவிலிருந்து அகற்றும் முயற்சி தில்லியில் நடக்காமல் இல்லை. 2009 வாக்கில் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் தலைமையில் இந்திய மொழிகளின் இணைத் தரவுத்தொகுப்புத் திட்டம் தொடங்கியது. உடல்நலம், சுற்றுலா ஆகிய இரு துறைகளில் 50,000 வாக்கியங்கள், தமிழ் உள்ளிட்ட பன்னிரு மொழிகளில். மூலம் இந்தி, பிற மொழிகள் அனைத்தும் அதிலிருந்து பெயர்க்கப்பட்டவை. பயன் பெரிது என்பதில் ஐயமில்லை. ஆனால் இதிலும் நடுவே ஒரு மொழி நிற்கிறது. இத்தகைய தரவிலிருந்து கற்கும் கருவிக்குத் தெரிந்த தமிழ், இந்தி வாக்கியத்தின் நிழலில் எழுதப்பட்ட தமிழ். ‘யார் வந்தாரோ அவர்’ என்ற வகைத் தொடர்கள் அதில் பெருகும், ‘வந்தவர்’ குறையும். பெயர்ப்புமொழியின் இந்தச் சாய்வு உலகெங்கும் ஆய்வாளர் அறிந்ததே. எந்த மொழி நடுவில் நிற்பது என்ற கேள்வி தமிழரிடையே எழும்போது அது அரசியல் கேள்வியாக மட்டுமே பேசப்படுகிறது. அதற்கு வாக்கிய அமைப்பின் பக்கமும் உண்டு.

2022 சூலையில் தொடங்கப்பட்ட பாஷிணி, 2023இல் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் ஏஐ4பாரத் குழு வெளியிட்ட இண்டிக்டிரான்ஸ்2 ஆகியவை அட்டவணை மொழிகள் 22க்கும் திறந்த கருவிகளைத் தந்துள்ளன. இரண்டாவதன் அடித்தளம் சுமார் 23 கோடி வாக்கிய இணைகள். ஒவ்வொன்றிலும் ஒருபுறம் ஆங்கிலம். தமிழிலிருந்து தெலுங்குக்கு நேரடியாகப் பெயர்க்கும் வடிவம் அதில் உண்டு. ஆனால் அதற்கு ஊட்டப்பட்டதும் பெரும்பாலும் ஆங்கிலத்தைப் பொதுவாகக் கொண்டு பொருத்தப்பட்ட தரவே.

இவற்றைக் குறையாகச் சொல்வதில் பயனில்லை. தில்லியில் கோரியமோ எசுப்பானியமோ கற்கும் தமிழ் மாணவரிடம் கருவியைத் தொடாதே என்று சொல்வது, மக்தபுச் சிறுவனிடம் நிஸாபைப் பறிப்பதற்கு ஒப்பாகும். மொழியியல் மாணவர் முதல் பருவத்திலேயே பழகும் வரிக்கிடை உரை முறை ஒன்று இருக்கிறது: மேல்வரியில் மூலம், அதன் கீழ் ஒவ்வோர் உருபனுக்கும் நேராக அதன் பொருள், மூன்றாவது வரியில் இயல்பான பெயர்ப்பு. இந்த நடுவரியைத்தான் நிஸாப் சந்தத்தில் தந்தது, முப்பது நாள் நூல் பத்தியில் தந்தது, அனுசாரகா நட்சத்திரத்தில் தந்தது. இணையக் கருவி மூன்றாவது வரியை மட்டும் தருகிறது. இன்றைய பெருமொழி மாதிரிகளிடம் உருசிய வாக்கியம் ஒன்றைத் தந்து, ‘ஆங்கிலம் வேண்டாம், ஒவ்வொரு சொல்லுக்கும் நேரே தமிழ் உருபைக் காட்டு’ என்று கேட்டால் நடுவரியும் வரும். சில இடங்களில் தவறாகவும் வரும், ஆகவே சரிபார்க்க வேண்டும். ஆனால் அப்படிக் கேட்க முடியும் என்று அறிந்தவர் பெரும்பாலும் மொழியியல் படித்தவர். ஃபெரோஸ்ஷா சாலையின் உருசிய இல்லத்திலும் கஸ்தூர்பா காந்தி மார்க்கின் மாக்ஸ் முல்லர் பவனிலும் மாலை வகுப்புக்கு வரும் தமிழ்ப் பொறியாளரின் கைப்பேசியில் அந்த நடுவரி இன்னும் இல்லை. அவர் குறிப்பேட்டில் ‘ம்னே ஹோலத்னா’ என்று எழுதி, அதன் கீழ் ஆங்கிலத்தில் பொருள் எழுதுகிறார்.